கேட்காமல் எடுத்தது

கண்ணு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் வைத்தேன். "என்ற கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க நெம்பப் பேரு இருப்பாங்கம்மா, கொஞ்சம் ரிலாக்ஸா இரு, நான் அனுப்புன மூச்சுப் பயிற்சிய இப்ப இருந்தே பண்ணு" என்றாய். நல்லதை நினைத்துத்தான் சொன்னாய். ஆனால் அந்தப் பேச்சை உன் வாயிலிருந்து இனி என்னால் கேட்க முடியாது. காரணத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயரும். உயர்ந்ததும் நீ சமாதானம் செய்ய ஆரம்பிப்பாய். சொல்ல வந்த விஷயம் காணாமல் போய், என் குரல்தான் விஷயமாகிவிடும். அதனால் தையல் மெஷினின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். இதையே பெயர்களை எடுத்துவிட்டு மற்றவர்களும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். என்னிடம் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்க வருகிற பெண்களை நினைத்துத்தான் இந்த முடிவு. இடுப்பளவுக்கு டேப்பைச் சுற்றும்போது "பாத்துங்க, அங்க ஆப்பரேசன் பண்ணுன எடம்" என்பார்கள். என்ன எடுத்தார்கள் என்று கேட்டால் "எல்லாத்தையும் எடுத்தாச்சுங்க" என்பார்கள். அந்த 'எல்லாம்' என்னென்ன என்று பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

உன் அப்பா வடக்கே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போய்விடுவார், வந்தால் ஒரு மாதம் இருப்பார், மறுபடி போய்விடுவார். நீ வளர்ந்த காலம் முழுக்க இந்த மல்லசமுத்திரம் வீட்டில் நீயும் நானும்தான். எனக்கு உதிரப்போக்கு அதிகமான வருடங்களில் அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது. நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் என்னால் எழ முடியவில்லை. கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வந்தாய். கடைக்காரர் கறுப்புக் கவரில் போட்டுச் சுருட்டியபோது "சும்மாவே குடுங்க, மருந்துதானே" என்று கையில் பிடித்துக்கொண்டு வந்ததாக நீயே வந்து சொன்னாய். அதைக் கேட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன், பெருமையில். பக்கத்து வீட்டு அக்காளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், "என்ற பையன்கிட்ட எதையும் சொல்லலாமுங்க" என்று. அந்த நம்பிக்கையின் மீதுதான் நீ கை வைத்தாய். உன் அப்பாவோ, என் அண்ணன் தம்பிகளோ செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்ன அன்று நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். கட்டிகள் பெருத்துவிட்டன, ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, வேறு வழியில்லை என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். ஒன்றை மட்டும் கேட்டேன், நினைவிருக்கிறதா? "ரெண்டு பக்கமும் இருக்கற முட்டைப்பைய என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். என் பெரியம்மா மகளுக்கு அதையும் எடுத்த பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்த்திருந்தேன். டாக்டர், "உங்க வயசுக்கு அது நல்லா வேலை செய்யுது, நல்லா இருந்தா விட்டுடுவோம்" என்றார். "நல்லா இருந்தா விட்டுருங்க மேடம். எடுக்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு எடுங்க" என்று சொன்னேன். வெளியே வந்து நீ, "நல்லா கேட்டம்மா, இப்படித்தான் கேக்கோணும்" என்று என் தோளைத் தட்டினாய்.

அறுவைச் சிகிச்சைக்கு உன் அப்பாவும் வந்திருந்தார். முடிந்து நான் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது உன் முகம்தான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா, நீ படு" என்றாய். இட்லியைப் பிய்த்து ஊட்டினாய், தலை வாரிவிட்டாய், நர்ஸ்கள் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். ஆஸ்பத்திரி ஃபைலை நீதான் வைத்திருந்தாய். மறுபரிசோதனைக்கு நீதான் அழைத்துப் போனாய், டாக்டரிடம் நீதான் பேசினாய். நான் புண் ஆறிவிட்டதா என்று காட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். மகன் பார்த்துக்கொள்கிறான் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் நடந்ததை, வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்த வாரக் கடைசிகளில் மட்டும்தான் நீ பார்த்தாய். மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்தில் ஏறும், காது மடல் வரை எரியும், அடுத்த நிமிடம் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொள்ளும், அதற்கடுத்து குளிர் எடுக்கும். தூக்கம் துண்டு துண்டாகப் போனது. கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் கண்ணீர் வந்து துணியில் விழும், வாடிக்கைக்காரர்களின் பட்டில் கறை பட்டுவிடுமே என்று பயந்து துணியைத் தள்ளி வைப்பேன். கோபம் எங்கிருந்தோ வரும். ஊருக்கு வந்திருந்த உன் அப்பா மேல் ஒருநாள் தோசைக் கரண்டியை வீசிவிட்டேன். "பேய் புடிச்சாப்ல கத்தறே, ஆப்பரேசன் எல்லாரும்தான் பண்ணிக்கறாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லாரும் பண்ணிக்கொள்கிறார்கள், எனக்கு மட்டும் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டேன், "முட்டைப்பை இருக்குதே, அப்புறம் எதுக்குச் சாமி இப்படி ஆவுது?" என்று. நீ போனைப் பார்த்தபடியே, "எல்லாம் மனசும்மா. டென்சன். மூச்சுப் பயிற்சி பண்ணு, சரியாயிரும்" என்றாய். அன்றிலிருந்து வீடியோக்கள் வரத் தொடங்கின. புல்லாங்குழல், கடற்கரை, மெல்லப் பேசும் ஒரு ஆண் குரல். அலைச் சத்தம் கேட்டால் எனக்கு அமைதி வரவில்லை, பாத்ரூம்தான் வந்தது. அமைதிகூட வராத அளவுக்கு என் மனம் கெட்டுவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சேலத்தில் வேறொரு பெண் டாக்டரிடம் போகச் சொன்னது என்னிடம் துணி தைக்கும் ஒரு டீச்சர். உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், ஸ்கேன் பார்த்தார், திரையைப் பார்த்தபடியே, "ரெண்டு ஓவரியும் எடுத்திருக்காங்க இல்ல, அதனாலதான் இவ்வளவு வேகமா இருக்கு" என்றார். "இல்லைங்க மேடம், விட்டுட்டாங்க" என்றேன். அவர் கருவியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். நான் வயிற்றில் தடவிய பசையைத் துடைக்காமல் அப்படியே கிடந்தேன். நர்ஸ்தான் துடைத்துவிட்டார். பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். மாதவிலக்கு நிற்பது மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும், முட்டைப்பையை எடுத்துவிட்டால் அது ஒரே நாளில் நடந்துவிடும், சூடும் தூக்கமின்மையும் அழுகையும் கோபமும் அதன் கூடவே வரும் என்றார். "நீங்க பைத்தியம் இல்லைங்க. உங்க உடம்பு திடீர்னு தவிக்குது." சோதனைகள் செய்து பார்த்து, எனக்கு ஏற்ற மாத்திரை எழுதித் தந்தார், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் தந்தார். அதே கட்டடத்தில் இருந்த பிசியோதெரபி பெண்ணிடமும் அனுப்பினார்.

அந்த வாரம் நீ வந்தாய். ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று கேட்டேன், "எனக்கு முட்டைப்பை இருக்குதா, இல்லையா?" என்று. நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "யாரும்மா சொன்னாங்க?" என்றாய். "யாரு எடுக்கச் சொன்னாங்க?" என்று மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாதாம்மா. நான் என்ன பண்ணுவேன்?" என்றாய். நான் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்பியிருக்கிறேன்? அன்று மாலையே உன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ரிக் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர், "ஆமா, நாந்தான்" என்று வைத்துவிட்டார். அதிலிருந்து உன் நிச்சயதார்த்தம் வரை நான் அவரோடு பேசவில்லை. ஊருக்கு வந்தால் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அத்தனை மாதமும் நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாதங்களில்தான் நான் ஓய்வாக இருக்கக் கற்றுக்கொண்டேன். உனக்குத் தெரியட்டும், ஏனென்றால் மூச்சுப் பயிற்சியைப் பற்றி நீ சொன்னதில் பாதி சரி. பிசியோதெரபி பெண் ஆத்தூர்ப் பக்கம், உன் வயதுதான் இருக்கும். முதல் நாள் என்னைப் படுக்கவைத்து, "யார் மேல கோபமா இருக்கீங்க?" என்று கேட்டாள். "யார் மேலயும் இல்லைங்க" என்றேன். "அப்ப பல்லை எதுக்கு இப்படிக் கடிச்சிருக்கீங்க?" என்றாள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றுத் தழும்பின் மேலும் வைக்கச் சொன்னாள். நான் அதுவரை அந்தத் தழும்பைத் தொட்டதே இல்லை, குளிக்கும்போதுகூடத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுவேன். மேல் கை அசையாமல் கீழ்க் கை மட்டும் ஏறி இறங்கும்படி மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விட வேண்டும், சூடான காபியை ஊதுவதைப் போல. சூடு கிளம்பும்போதே தொடங்கினால் அது ஏறினாலும் என்னை உருட்டிப் போடுவதில்லை. அடுத்தது தசைகளை இறுக்கித் தளர்த்துவது. கால் விரல்களை மடக்கி இறுக்கி விடுவது, பிறகு கெண்டைக்கால், தொடை, கை முஷ்டி, தோள், கடைசியாகத் தாடை. அடிவயிற்றை மட்டும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை விட்டுவிடச் சொன்னாள். தோளைக் காதுவரை தூக்கி விட்டபோது, எத்தனை காலமாக அதைத் தூக்கியே வைத்திருந்தேன் என்று புரிந்தது.

நான் அவளிடம் ஒருநாள் கேட்டேன், "இதைப் பண்ணுனா கோவம் போயிருமா?" என்று. "போகாதுங்க. கோபத்துக்குக் காரணம் இருந்தா அது இருக்கத்தான் செய்யும். உடம்பு நடுங்காம அதைப் பேச முடியும், அவ்வளவுதான்" என்றாள். அதற்கப்புறம்தான் எனக்கு அந்தப் பயிற்சியின் மேல் மரியாதையே வந்தது. சாயங்காலக் காபியை விட்டேன். கழுத்துக்கு ஈரத் துண்டு வைத்துக்கொண்டேன். காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன், டீச்சரும் கூட வந்தாள், அவளுக்கும் அந்த அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே நடப்போம். மெஷினை மிதிக்க முடியாத நாட்களில் பழைய ஜாக்கெட்டுகளின் தையலைப் பிரித்தேன். ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கி, மூச்சை விட்டுக்கொண்டே நூலை இழுப்பேன். யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தது அது. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக வேலை செய்தது.

பிறகு உன் நிச்சயதார்த்தம். நீயும் உன் நண்பர்களும் பெண் வீட்டாரை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தீர்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று உடம்பு லேசாக இருந்தது. நடுங்காமல் பேச முடியும் என்று தோன்றியது. போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அன்னைக்கு டாக்டரு வெளிய வந்து கேட்டப்ப நீங்க என்னன்னுங்க சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்குத் தெரியோணும்."

அவர் பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டே, "அவ மயக்கம் தெளியட்டும், அவளையே கேட்டுக்கலாமுங்கன்னு சொன்னேன்" என்றார். "முட்டைப்பை பாக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா எடுத்துட்டா பின்னால புத்துநோய் பயமில்ல, மறுபடி வயித்தக் கிழிக்க முடியாது, இப்பவே சொல்லுங்கன்னாங்க. நான் முழிச்சுட்டு நின்னேன். தம்பிதான், எடுத்துருங்க மேடம், அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்னான்."

"அப்புறம் எதுக்கு நீங்க சொன்னதாட்ட ஒத்துக்கிட்டீங்க?"

"நான் வருசம் பூரா வண்டியில கெடக்கறவன். என்ற மேல கோவமா இருந்தா உனக்கு ஒண்ணும் கொறையாது. அவன் மேல கோவம் வந்தா நீ தாங்கமாட்டே."

உன் அப்பாவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவரும் பொய் சொன்னார், என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாமல் வைத்திருந்தார். அதை அவரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், பேச இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் அவர் பொய் உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். உன் பொய் யாரைக் காப்பாற்ற?

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னோடு வேலை பார்க்கும் பையனின் அம்மா முட்டைப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார், அந்த வருடம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். பயந்துதான் செய்தாய் என்று நம்புகிறேன். எடுத்தது சரியாகவேகூட இருக்கலாம். என்னைக் கேட்டிருந்தால் நானும் சம்மதித்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் பயம் உன்னுடையது கண்ணு, வயிறு என்னுடையது. ஆப்பரேசன் தியேட்டர் கதவுக்கு முன்னால் நின்று என் சார்பாகச் சொன்னதைவிட, அதற்குப் பின் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாய், பேசவே இல்லை. நான் வேர்த்து நனைந்து உன் எதிரே நின்று ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டபோது காரணம் உனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லாம் மனசு என்றாய். கடற்கரை வீடியோவை அனுப்பினாய். என் உடம்பில் இருந்த காரணத்தை எடுத்து என் புத்தியில் வைத்தாய். கடைசியில் அந்தப் பழியை அப்பாவின் தலையில் இறக்கிவிட்டு, நான் அவருக்குப் பேச்சில்லாமல் சோறு போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று அவளுக்குப் பூ வைக்கும்போது எனக்குச் சூடு கிளம்பிவிட்டது. "அத்தை, உங்களுக்கு வேர்க்குதுங்க" என்று தாம்பாளத்தில் கிடந்த விசிறியை எடுத்து அவளே வீசினாள். "ஏனுங்க, உடம்புக்கு முடியலைங்களா?" என்றாள். "ஒண்ணுமில்ல சாமி, வயசு" என்றேன். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. கல்யாணத்துக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, "எங்கம்மாவைக் கேக்காம அவங்க உடம்புல இருந்து இதை எடுக்கச் சொன்னேன், அப்புறம் மறைச்சேன்" என்று சொல். எந்த மாதிரி ஆளோடு வாழப் போகிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீ மாறிவிட்டால் அதுவும் அவளுக்குத் தெரியட்டும்.

நாளைக்கு அவளும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் படுத்திருப்பாள். பிரசவமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். ஒரு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து உன்னைக் கேட்பார். உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காதே, கையெழுத்துப் போடு. அப்படி இல்லையென்றால், அவள் முன்பே என்ன சொல்லியிருந்தாளோ அதை மட்டும் சொல். அவள் ஒன்றும் சொல்லியிருக்காவிட்டால், அவளைக் கேட்காமல் என்னால் சொல்ல முடியாது என்று சொல். உனக்குப் பயமாக இருக்கும், இருந்தாலும் சொல். அவள் கண் விழித்ததும் நடந்தது அத்தனையையும், கெட்டதையும் சேர்த்து, அன்றைக்கே சொல்லிவிடு. அவளுக்கு அழுகை வந்தால், கோபம் வந்தால், எதனால் என்று முதலில் கேள். அதற்கப்புறம் மூச்சைப் பற்றிப் பேசலாம்.

கல்யாணத்துக்கு நான் வருவேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன், வேர்த்தால் துடைத்துக்கொள்வேன், யாராவது கேட்டால் ஆப்பரேசன் ஆனது என்று வெளிப்படையாகச் சொல்வேன். அதற்கு உன் அனுமதி எனக்குத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டும். போன் செய்யாதே, கைகூப்பும் படம் போட்டு மன்னிப்பு அனுப்பாதே, நேரில் வா. உன் அப்பாவும் இருப்பார், வண்டியிலிருந்து வரச் சொல்லிவிட்டேன். இனி உனக்காக எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து, அந்தக் கதவுக்கு வெளியே நடந்ததை உன் வாயால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பை வைத்து இறக்கி மூடி வைத்திருப்பேன். பேசி முடித்த பிறகுதான் இலை போடுவேன்.

அம்மா